கல்லறைச் சுவருக்கு வெளியே

"சாமியத் திருப்பி அனுப்பிடு. எனக்குப் பூசுதலும் வேணாம், நன்மையும் வேணாம்."

சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் பூசும் எண்ணெயும், கொடுக்கும் நற்கருணையும் வேண்டாமென்று கட்டிலில் கிடந்த இருதயசெல்வி சொன்னதும் மகள் ஆஷ்லின் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அனுப்பி மூன்று நாள் ஆகிறது.

"முப்பத்தஞ்சு வருஷமா கோயிலக் கூட்டுனவ. சாவுற நேரத்துல புத்தி பூடுச்சி பாரு" என்றாள் வாசலில் ஒருத்தி. இந்த மாதிரி பேச எந்த ஊரிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கிளியனூர் பக்கத்திலிருக்கும் இந்தச் சின்ன ஊரிலும் இல்லை.

சாமியாரோடு வந்திருந்த உபதேசியார் சின்னப்பராஜ் கட்டிலருகே குனிந்தார்.

"பூசுதல் வேணாம்னா நீ எங்க போவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அங்கதான் போவணும்."

அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஞாயிறு வகுப்பில் அவர் நரகத்தை விவரிக்கத் தொடங்கினால் பிள்ளைகள் ஒன்றுக்குப் போக எழுந்துகொள்ளும். பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு அங்கே தனி அடுப்பு என்பார். அவரும் பொய் பேசமாட்டார். பெண் வீட்டார் விசாரிக்க வந்தால், மாப்பிள்ளை குடிப்பதை அப்படியே சொல்லிவிடுவார். அதனால் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நாலைந்து உண்டு.

"ஏம்மா அங்க போவணும்?" என்று கேட்டார் சாமியார், பாதர் ஜெனித். வயது முப்பதைத் தாண்டாது.

"என் மூத்த புள்ள அங்கதான் இருக்குது சாமி."

பெண் குழந்தை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பிறந்த பதினோராம் நாள் ஜன்னி வந்து இறந்துவிட்டது. பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டிய ஞானத்தாய் ஊரிலிருந்து வரட்டும் என்று ஞானஸ்நானத்தைத் திருவிழாவுக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சம் கிடையாது என்று சொல்லி, கல்லறைச் சுவருக்கு வெளியே முள்வேலி ஓரமாகக் குழி வெட்டச் சொன்னவர் இதே சின்னப்பராஜ்தான்.

"அப்ப நாங்க உனக்கு வேணாமாம்மா?" என்றாள் ஆஷ்லின்.

"நீ மோட்சத்துக்குப் போனா அங்க உங்கப்பா இருப்பாரு. அதுக்கு யாரு இருக்கா?"

பாதர் இருதயசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. கடவுள் அந்தப் புள்ளயக் கைவிட மாட்டாரு. அது அவருகிட்டதான் இருக்குது."

"நீங்க நல்லவரு சாமி. ஆறுதலுக்குச் சொல்றீங்க. எங்க, உபதேசியாரச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் சின்னப்பராஜைப் பார்த்தார்கள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"செல்வி, உங்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். அன்னைக்குப் புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கினு இருந்தப்ப நீ மயங்கிக் கெடந்த. உன் வீட்டுக்காரன் வண்டி கூப்புடப் போயிருந்தான். நான்தான் சொம்புத் தண்ணிய அது தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தேன்."

"அப்புறம் ஏன் வெளிய பொதைச்சீங்க?"

"வேலைக்குப் புதுசு. ஜெபத்த ஒழுங்காச் சொன்னேனான்னு பயம். அப்ப இருந்த பெரிய சாமியாருக்குத் தெரிஞ்சா வேலை பூடும்னு வாய மூடிக்கினேன்."

"சத்தியமா?"

அவள் நெஞ்சின் மேலிருந்த சிலுவையில் அவர் கையை வைத்தார்.

"சத்தியமா."

"என்னா பேரு வெச்சீங்க?"

"அமலி."

"அமலி" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு பாதரைப் பார்த்து, "பூசுங்க சாமி" என்றாள்.

எண்ணெய் பூசி, நன்மை கொடுத்து முடிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, மகளின் கையைப் பிடித்தபடியே இருதயசெல்வி போய்ச் சேர்ந்தாள்.

"எங்கம்மாவ முப்பத்தஞ்சு வருஷம் வேக வெச்சிட்டீங்களே. நீங்கல்லாம் மனுஷனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் ஆஷ்லின். சின்னப்பராஜ் வெளியே வந்தார். வாசலில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்ட விதமே சரியில்லை.

பைக்கை எடுக்க வந்த பாதருக்கும் கோபம் அடங்கவில்லை.

"எப்படிங்க உங்களால இத்தன வருஷம் சும்மா இருக்க முடிஞ்சுது?"

சின்னப்பராஜ் பைக் பக்கத்திலேயே மண்ணில் முழங்காலிட்டார்.

"எம் பாவத்தச் சொல்றேன், பாவசங்கீர்த்தனம் கேளுங்க சாமி. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. விழுப்புரத்துல பயிற்சிக்குப் போயிருந்தேன். நான் வந்தப்ப புள்ள செத்துக் கெடந்துச்சு."

பாதர் பைக் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொய்ச்சத்தியத்துக்காக மனசு வருந்தி மனஸ்தாபப்படுறீங்க இல்ல?"

"இல்லைங்க."

"மனஸ்தாபம் இல்லாம நான் எப்படி மன்னிப்புக் குடுக்கறது?"

"குடுக்க முடியாதுங்க. நானே அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவர் கையை ஊன்றி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"நீங்க சொன்னது நெசம்னா புள்ள இந்நேரம் அவ மடியில இருக்கும். நான் சொல்லிக் குடுத்ததுதான் நெசம்னா, அது அங்க தனியா இருக்கும் சாமி. தொணைக்கு நான் போறேன்."