பகலில் கட்டியக்காரன்

இருந்தவர்கள்: எஸ்.ஐ., ஒரு போலீஸ்காரர், புகார் கொடுத்த நிலக்காரர் தனசேகரன், கூத்தில் கட்டியக்காரனாகக் கோமாளி வேஷம் கட்டும் கூலியாள் பொன்னுரங்கம், வாசலில் அவன் மனைவி குஞ்சம்மாள்.

இட ஒதுக்கீட்டு மறியலில் வெட்டிச் சாய்த்த புளியமரம் தியாகதுருகம் சாலையில் கிடப்பது ஸ்டேஷன் ஜன்னலில் தெரிகிறது. வெட்டியது பொன்னுரங்கம் என்பது புகார். நேற்றுக் கூத்தில் தன்னைக் கேலி செய்தான் என்பதுதான் தனசேகரனின் கோபம். கட்டியக்காரன் யாரையும் கேலி பேசலாம், விடிந்தால் அதை யாரும் மனதில் வைப்பதில்லை. அந்த வழக்கத்தை நம்பி பொன்னுரங்கம் நிற்கிறான். கழுவாத அரிதாரம் வியர்வையில் வழிகிறது. "இன்னாடா பேசின? இங்க பேசிக் காட்டு" என்கிறார் எஸ்.ஐ. சலங்கை இல்லாமலே ஒரு சுற்று சுற்றிக் கும்பிடுகிறான். "எங்க ராஜா தர்மவானுங்க சாமி. வைக்கல் கம்மியாப் போட்டா மாடு படுத்துக்கும்னு பயப்படுவாரு. எங்களுக்குக் கூலி கம்மியாக் குடுத்தா, நாங்கதான் மறுநாளும் வேலைக்கு வந்துடறோமே!" போலீஸ்காரர் வெடித்துச் சிரிக்கிறார். தனசேகரன்கூட வெற்றிலை தெறிக்கச் சிரிக்கிறார். சிரிப்பைக் கேட்டதும், விட்டுவிடுவார்கள் என்று குஞ்சம்மாள் எழுந்து முந்தானையை உதறுகிறாள். "நல்லாப் பேசுறான்யா" என்று கண்ணைத் துடைத்தபடி எஸ்.ஐ. சாவியை நீட்டுகிறார். சிரிப்பு அடங்காத போலீஸ்காரர் பொன்னுரங்கத்தை லாக்கப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.