உள்ளே ஆள் இருக்கா?

"உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. முழிச்சிக்கினுதான் இருக்காங்க. ஆனா உள்ள ஆள் இருக்காங்களான்னு தெரியலைன்றாரு பெரிய டாக்டர்."

ஹரிப்ரியா சொன்னதைக் கேட்டு நரசிம்மன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி கோவிந்தம்மாள் கண்ணைத் திறந்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பஸ் படியில் கால் வழுக்கி விழுந்தவள். பின்மண்டையில் அடி. ஸ்கேனில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு. நினைவு தெளிவாக இருந்தால் மருந்து போதும், இல்லையென்றால் மண்டையைத் திறந்தாக வேண்டும் என்று பெரிய டாக்டர் திலீப் சொல்லிவிட்டார்.

திலீப் காக்கிநாடாக்காரர். தமிழ் அறவே வராது. நரசிம்மனுக்கும் கோவிந்தம்மாளுக்கும் தெலுங்கு வராது. மகனுக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததென்று திருத்தணிப் பக்கமிருந்து இங்கே குடிவந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மகனும் கம்பெனிப் பயிற்சிக்கென்று கொரியா போயிருந்தான். அதனால் தமிழும் தெரிந்த சித்தூர்ப் பெண்ணான பயிற்சி டாக்டர் ஹரிப்ரியாவைத் திலீப் மொழிபெயர்க்க நிறுத்தியிருந்தார்.

மொழிபெயர்ப்பும் நரசிம்மனுக்கு மட்டும்தான். நோயாளியோடு அவள் பேசக்கூடாது, நர்சுகளும் வாயைத் திறக்கக்கூடாது. நெருங்கிய உறவின் குரல்தான் மூளையின் அடிவரைக்கும் போகும், கண்ட குரலும் கலந்தால் சோதனை கெட்டுவிடும் என்பது திலீப்பின் கட்சி. போன மாதம் ஹைதராபாத் மாநாட்டில் இதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். முடிவில் ஒருவர் எழுந்து, எல்லாம் சரி, கான்ஷியஸ்னஸ் என்றால் என்ன என்று கேட்டபோது, டீ ஆறுகிறது என்று மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அவர் இறங்கிவிட்டார். இப்போது ஹரிப்ரியாவுக்குத்தான் அதற்குத் தமிழில் வார்த்தை வேண்டியிருந்தது. நினைவு என்றாள். நரசிம்மன், ஞாபக சக்தி பிரமாதமாக இருக்கும், பழசு ஒன்றையும் மறக்கமாட்டாள் என்றார். உணர்வு என்றாள். அவருக்குப் பிடிபடவில்லை. பிரக்ஞை என்றாள். அது என்ன மாத்திரை என்று கேட்டார். கடைசியில் அவள் பொறுமையிழந்து, "சுரணை இருக்கான்னு கேக்கறாரு" என்றாள்.

"அது கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கும்மா."

ஹரிப்ரியா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சோதனை தொடங்கியது. பேரென்ன என்று கேட்கச் சொன்னார் திலீப். நரசிம்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்து, "பேர் என்னான்னு கேக்கறாங்க" என்றார். பதில் இல்லை. கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். தூக்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூட முடியவில்லையே, மனுஷன் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று ஹரிப்ரியா பரிதாபப்பட்டாள்.

திலீப் தன் கையாலேயே தோளில் ஒரு கிள்ளு கிள்ளினார். கோவிந்தம்மாள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். வெறும் ரிஃப்ளெக்ஸ், நாம் ஏமாந்துவிடக்கூடாது என்றார் அவர். வீட்டில் எப்படி, கலகலவென்று பேசுகிற ஆளா என்று கேட்கச் சொன்னார்.

"பேசுவா," என்றார் நரசிம்மன். "எல்லாரு கூடவும் நல்லா பேசுவா." மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திலீப் அடுத்த சோதனைக்குப் போய்விட்டார்.

கடைசிச் சோதனை, நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏதாவது சொல்வது. நரசிம்மன் கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"கோவிந்தம்மா, தப்பு எம்மேலதான். ஒரே ஒரு வார்த்தை பேசும்மே."

பஸ்ஸில் ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டதைத்தான் சொல்கிறார் என்று ஹரிப்ரியா நினைத்தாள். கோவிந்தம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோக்கமற்ற அசைவு என்று திலீப் அதற்கும் ஒரு பெயர் வைத்தார். உள்ளே ஆள் இல்லை, ஆபரேஷன்தான் என்று முடிவு சொல்லிவிட்டு, தியேட்டரைத் தயார் செய்யப் போனார். நரசிம்மன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கையெழுத்துப் போட வெளியே போனார்.

தலைமுடியை எடுக்க மெஷினோடு சபீனா வந்தாள். வார்டில் ஒத்தாசை வேலை பார்ப்பவள். உத்தரவெல்லாம் மறந்துபோய், வாய்ப் பழக்கத்தில், ஹரிப்ரியா கோவிந்தம்மாளிடம் குனிந்தாள். "தலையைக் கொஞ்சம் திருப்பறேம்மா. வலிச்சா சொல்லுங்க."

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள் கோவிந்தம்மாள். "அந்த மெஷின் எதுக்கு?"

சபீனா மெஷினைக் கீழே வைத்தாள். கோவிந்தம்மாள் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் வெளிய போயிட்டாரா? காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்காம நின்னுக்கினு கீறாரு. போயி எதுனா துன்னச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. அவர் கூட நான் பேச்ச நிறுத்தி ஆறு வருசமாவுது. இப்ப டாக்டருங்களயெல்லாம் கூட்டு சேத்துக்கினு என்னைப் பேச வெக்கப் பாக்கறாரு."