இரண்டு மணிக் காற்று

மதிய வெயில் தகரக் கூரையைத் தாண்டி கம்ப்ரஸர் அறைக்குள் இறங்கி நிற்கிறது. பெயின்ட் அடிப்பவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குழாய்க் காற்றை அதன்மேல் பாய்ச்சுகிறார். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாய் நீர்த்துளிகள். இந்த ஈரம்தான் பெயின்ட்டுக்கடியில் கொப்புளமாகி, அவர் அடித்த ஒன்பது இரும்புக் கதவுகளையும் திரும்பி வரச் செய்திருக்கிறது. காற்றை உலர்த்தும் டிரையர் விற்க வந்தவன் மடியில் விலைப்பட்டியலை விரித்து, சின்ன டிரையருக்கு நேரே பேனாவை வைக்கிறான். “இதுவே தாராளம்க்கா. காலையில நானே அளந்து பாத்தேன்.” கம்ப்ரஸர் ஓட்டும் அக்கா எண்ணெய்த் துணியில் கையைத் துடைக்கிறாள். “காலையில பாத்தீங்க, சரி. இப்ப இந்தக் குழாயத் தொடுங்க தம்பி.” தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறான். “காத்து சூடாக ஆகத் தண்ணிய அதிகமாச் சுமந்துட்டு வரும். உங்க சின்னது தாங்குமா?” மேசையில் அவன் மாதிரிக்காகத் திறந்துவைத்த குப்பியில், ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் மேல்வரிசையில் ஈரம் ஏறி மெல்ல இளஞ்சிவப்பாகின்றன. விரல்களை ஊதிக்கொண்டே அவற்றைப் பார்க்கிறான். பேனா ஒரு வரி கீழே, அடுத்த பெரிய டிரையருக்கு இறங்குகிறது. அக்கா குழாயையே பார்க்கிறாள். பேனா இன்னும் ஒரு வரி இறங்குகிறது. பெயின்ட்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார்.