ஒரு வேட்டு குறைந்தது

“முதல்ல அவன் தொப்பியைக் கழட்டுங்க சார். மன்னிப்பெல்லாம் பொறவு கேக்கட்டும்” என்றாள் பிளாரன்ஸ்.

கணவர் அம்புரோஸை அடக்கம் செய்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் கோபத்துக்கு மட்டும் எங்கிருந்தோ குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் சங்கடமாகத் தலையாட்டினார். காவலர் சிவபாலன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

அம்புரோஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிக் கிடங்கைக் கட்டிக் காத்தவர். துறைமுகத்து டியூட்டிக்குப் போய்வரும் துப்பாக்கிகள் உப்புக் காற்றையும் நிலக்கரித் தூசியையும் சேர்த்துக்கொண்டுதான் திரும்பும். அவற்றைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு அனுப்புவது அவர் வேலை. அம்புரோஸ் கை பட்ட துப்பாக்கி சிக்கியது என்று ஒருத்தர் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் வேட்டு முழங்கி வழியனுப்பும்போது, வரிசையில் நின்ற எல்லாத் துப்பாக்கியும் வெடித்தது. சிவபாலனுடையதைத் தவிர. இழுத்து இழுத்துப் பார்த்தான். ம்ஹூம். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தேவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பிளாரன்ஸால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

“பிரிச்சுப் பாத்தோம்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “உள்ள எண்ணெய் வடியுது. அதுல கரியும் மணலும் அப்பிக் களிம்பா நிக்கி. தோட்டா எப்படி ஏறும்? கிடங்குல அவருக்கு அடுத்த பொறுப்பு இவன்தான். கேட்டா ‘என் தப்பு’ங்கான், மேற்கொண்டு வாயைத் தொறக்க மாட்டேங்கான். நீங்களும் புகார் குடுத்தா சஸ்பெண்ட்தான்.”

அவர் செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே தெருவில் இறங்கினார்.

பிளாரன்ஸ் சிவபாலன் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, அவுககிட்டயே தொழில் படிச்சவன்தான நீ? ‘எண்ணெய் விரல்ல வழுக்கணும், வடியக் கூடாது. வடிஞ்சா ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டும்’னு சோறு திங்கையிலகூடச் சொல்லுவாகளே. உனக்குச் சொல்லலியா?”

“சொன்னாகக்கா.”

“பொறவு எந்த மூதேவில அம்புட்டு எண்ணெய ஊத்துனது?”

சிவபாலன் சுவரில் மாலை போட்டிருந்த அம்புரோஸ் படத்தை ஒருதரம் பார்த்தான். சட்டென்று குனிந்துகொண்டான்.

அந்தப் பார்வையைப் பிளாரன்ஸ் கவனித்துவிட்டாள்.

“மாதாவே... அவுகளா?”

“கண்ணு சரியாத் தெரியலக்கா அவுகளுக்கு. ரொம்ப நாளாவே. சொட்டு விடுற இடத்துல ஊத்திருவாக. அவுக சாப்பிடப் போனதும் நான் எடுத்துத் துடைச்சு வச்சிருவேன். ரிட்டயர் ஆகுறவரைக்கும் இப்படியே ஓட்டிரலாம்னு நெனச்சேன்.”

கண் விஷயம் பிளாரன்ஸுக்குப் புதிதா என்ன? கண் போனாலும் கைப்பழக்கம் காப்பாற்றுகிறது என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள். ‘இன்னைக்கும் நம்ம துப்பாக்கி ஒண்ணும் சிக்கல ஏளா’ என்று தினமும் அவளிடம் சொல்லி அவர் மீசையைத் தடவிக்கொள்வாரே. அந்த மீசைக்குப் பின்னால் இருந்தது இவன்தானா?

“அப்போ அன்னைக்கு மட்டும் ஏம்ல துடைக்கல?”

“அவுக கடைசியா எண்ணெய் போட்ட துப்பாக்கிக்கா அது. வேட்டுக்கு நாந்தான் அதக் கேட்டு வாங்கிக்கிட்டேன். துணியக் கையில எடுத்துட்டேன்...” அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். “அவுக கையால விட்ட எண்ணெய்க்கா. துடைக்க மனசு வரல.”

பிளாரன்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சார்கிட்டச் சொல்லிராதீகக்கா. அண்ணாச்சி பேரு கெட்டுரும். நான் வாங்கிக்கிடுதேன்.”

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். “என்னம்மா, புகார எழுதிருவமா?”

சிவபாலன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளையே பார்த்தான்.

பிளாரன்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். படத்தைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

“எழுதுங்க சார். அவன் மேல இல்ல, என் மேல. வருசா வருசம் கண் பரிசோதனைக்குப் போறதுக்கு முன்னால, அந்த அட்டையில இருக்க எழுத்தையெல்லாம் அவுகளுக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்து அனுப்புனவ நான்தான்.”