சனிக்கிழமை மறியல்

"மூணு வருஷத்துக்கு நிதி தர்றோம். ஒரே ஒரு நிபந்தனைதான்," என்றார் அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த கார்வர். "சனிக்கிழமை பிரையர் கட்டடத்து முன்னாடி மறியல் நடக்கக் கூடாது. அதோட சொந்தக்காரர் எங்க டிரஸ்டி."

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாடகைதாரர் சங்கத்தின் தலைவி வெர்லீன், எதிரே இருந்த கமிட்டிக்காரர்கள் பத்துப் பேரையும் பார்த்தாள். இந்த நிதி வராவிட்டால் அடுத்த மாதம் சங்க அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். அவளுடைய சம்பளமும் போய்விடும்.

"இந்தக் குளிர்ல அங்க மூணு வாரமா ஹீட்டர் ஓடல தம்பி. வெள்ளைக்காரங்க குடியிருக்கிற அவரோட மத்த கட்டடத்துல ஒரு நாளாவது நின்னிருக்கா?"

"தெரியும். ஆனா முடிவெடுக்கிறது நான் இல்ல."

"கோட்டு போட்டதும் நம்ம கறுப்பு ஆளுங்களே மாறிடுறாங்க," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். கார்வரின் முகம் சுண்டிப்போனது.

"நிபந்தனையை ஏத்துக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றாள் வெர்லீன்.

ஒரு கைகூட எழவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள்.

"உங்க பணம் வேண்டாம். மறியல் நடக்கும்னு போய்ச் சொல்லுங்க."

கார்வர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க அக்கா?"

"எதுக்கு? போலீஸுக்குச் சொல்லவா?"

"இல்ல. அந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில எங்கம்மா இருக்காங்க. முட்டி வலி. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்."