பெரிய டாக்டரின் கை

“பெரிய டாக்டரே கை கழுவல, நமக்கு மட்டும் இன்னாத்துக்குக்கா?” என்றான் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் அம்புரோஸ்.

சிலுவையம்மாள் கிருமி கொல்லும் லைசால் கலந்த தண்ணீர்ப் பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ராயபுரத்திலிருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக ஆயா. தினமும் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பேசினும் டவலுமாக அவர் பின்னால் நடப்பது அவள் வேலை. எல்லாம் ஒரு அழகுக்குத்தான். அந்தத் தண்ணீரில் ஒரு விரலும் நனையாது.

“இன்னாத்துக்கா? மூணாம் பெட்டு கோவிந்தம்மா ஜன்னி கண்டு செத்தா. அப்பால நாலு, அஞ்சு. இப்ப ஆறாம் பெட்டுக்கு உடம்பு அனலா கொதிக்குது. அவரு நடக்குற வரிசையிலயேதான்டா ஜன்னியும் நடந்து வருது.”

“உன் பொண்ணு எந்த பெட்டு?”

“பன்னெண்டு. காத்தாலதான் பெத்தா.”

அம்புரோஸ் பேசினை எட்டிப் பார்த்தான். கையைக் கழுவவில்லை.

சூப்பரின்டெண்ட் டாக்டர் கனகசபாபதி கிருமிகளை நோட்டீஸாலேயே ஒழித்துவிடலாம் என்று நம்பியவர். வார்டின் நாலு சுவரிலும் ஒட்டியிருந்தார்: ‘ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன் கைகளை லைசாலில் கழுவவும். தவறும் சிப்பந்திகள் வேலைநீக்கம் செய்யப்படுவர்.’ கீழே அவர் கையெழுத்து, நோட்டீஸைவிடப் பெரிதாக. அவர் சிப்பந்தி இல்லையாதலால் கழுவவில்லை. சின்ன டாக்டர்கள் அவரைப் பார்த்தார்கள். சிஸ்டர் சின்ன டாக்டர்களைப் பார்த்தாள். அம்புரோஸ் சிஸ்டரைப் பார்த்தான். நோட்டீஸைப் பார்க்க ஆள் மிச்சமில்லை.

சரியாக ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் பவுடர் மணக்க வந்தார். சாயந்தரங்களில் கிளப்பில் கப்பல் கேப்டன்களோடு குலுக்குகிற கை அது. பட்டுப்போல வைத்திருந்தார்.

“ஐயா, பேசின் கொண்டாந்துகீறேன்...” என்று சிலுவையம்மாள் குறுக்கே நீட்டினாள்.

“எனக்கேவா? லண்டன்ல படிச்சவன் நான். ஜன்னி வர்றது குப்பத்துலேர்ந்து வர்ற உங்க கையாலதான். தள்ளு!”

சின்ன டாக்டர்கள் சிரித்து வைத்தார்கள். அது அவர்கள் கடமை. அவர் முதல் கட்டில்காரியின் வயிற்றில் கை வைத்தார்.

சிலுவையம்மாள் கட்டில் வரிசையின் கோடியைப் பார்த்தாள். பன்னிரண்டாம் கட்டிலில் மகள் பிலோமி குழந்தையை அணைத்துக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பதினோரு கட்டில் தாண்டினால் அந்தக் கை அவளிடம் வந்துவிடும்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெரிய டாக்டரின் காதருகே போனாள். மெதுவாக ஏதோ சொன்னாள்.

அவர் முகம் வெளுத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“நிஜமாவா?”

சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பேசின்!” என்று அலறினார் பெரிய டாக்டர்.

முழங்கை வரை கழுவினார். அடுத்த நொடி சின்ன டாக்டர்கள் முட்டி மோதிக்கொண்டு கழுவினார்கள். பிறகு சிஸ்டர். கடைசியில் அம்புரோஸ், இதெல்லாம் தன் யோசனைதான் என்பது போன்ற முகத்தோடு. இரண்டாம் கட்டில், மறுபடி பேசின். மூன்றாம் கட்டில், மறுபடி பேசின். பன்னிரண்டாம் கட்டிலில் பிலோமியின் நாடியைப் பிடித்த கை சிவந்து, சுருங்கி, லைசால் நெடி அடித்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பிலோமி பத்தாம் நாள் குழந்தையோடு காசிமேட்டுக்கு நடந்தே போனாள். இரண்டு மாதத்தில் வார்டில் ஜன்னி என்ற பேச்சே இல்லை. மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. பந்தல் போட்டு விழாவும் நடத்தினார்கள்.

“ஒரு ஏழைத் தாய் அன்று தன் மகளுக்காக என் காதில் கெஞ்சினாள்,” என்று மாலையும் கழுத்துமாக முழங்கினார் கனகசபாபதி. “என் நெஞ்சம் உருகியது! தலைவன் வழிகாட்டினால் தொண்டர்கள் தொடர்வார்கள். அன்று முதல் உயிர்களைக் காக்கவே இந்தக் கைகளைக் கழுவுகிறேன்!”

கைதட்டல் டோல்கேட் வரை கேட்டிருக்கும். சின்ன டாக்டர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதுவும் அவர்கள் கடமை. பந்தல் ஓரத்தில் நின்ற சிலுவையம்மாளையும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடையை விட்டு இறங்கிய பெரிய டாக்டர் நேரே அவளிடம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“ஏ ஆயா, வார்டுல ஒருத்திக்குச் சொறி, தொட்டா கையில ஒட்டிக்கும்னு அன்னிக்குச் சொன்னியே, அது எந்த பெட்டுன்னு இன்னுமா ஞாபகம் வரல?”

“அவ போன மாசமே வூட்டுக்குப் பூட்டா, ஐயா. இப்ப வேற ஒருத்தி வந்துகீறா. எந்த பெட்டுன்னுதான் தெரியல.”