ஒத்திகை அம்மா

"உங்க முன்னால வந்து உட்கார்றவங்களை மொழி, மதம், நிறம்னு எடை போட ஆரம்பிச்சீங்கன்னா, அந்த நிமிஷமே நீங்க மனநல ஆலோசகர் இல்லை. கல்யாணத் தரகர்!"

பேராசிரியை சொல்லிவிட்டு நிறுத்தினார். சிரிப்புக்கென்று இடம் விட்டு நிறுத்துவது அவர் வழக்கம். வகுப்பும் ஏமாற்றாமல் சிரித்தது.

பண்பாட்டு வேற்றுமைகளை மதிப்பது எப்படி என்று பயிற்சி ஆலோசகர்களுக்குச் சொல்லித்தர, மருத்துவமனை அவரை வெளியிலிருந்து வரவழைத்திருந்தது. அந்த விஷயத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஒவ்வொரு மனிதரும் தனி உலகம் என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த உலகங்களில் ஒன்றின் பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை. 'கண்ணாடி', 'நீலச் சட்டை', 'கடைசி வரிசை' என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"இப்போ செய்முறை. நோயாளியா நடிக்க வர்றேன்னு சொன்ன அம்மாவுக்குக் காய்ச்சலாம். பரவாயில்லை, நானே நடிக்கறேன். மகள் வேற இனத்துப் பையனைக் கட்டிக்கணும்ங்கறா. அம்மா ஒரு மாசமா மகளோட பேசறதில்லை. தூக்கமும் போச்சு, சாப்பாடும் போச்சு. ஆலோசகரா வந்து பேசுங்க பார்ப்போம். வா, கண்ணாடி."

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சட்டென்று உம்மென்று ஆயிற்று.

கண்ணாடி தொண்டையைச் செருமினான். "அம்மா, உங்க பண்பாட்டை நான் ரொம்ப மதிக்கிறேன்."

"மதிச்சுக்கோ. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

கண்ணாடிக்கு அதற்கு மேல் வசனம் தெரியவில்லை. அடுத்து நீலச் சட்டை வந்தான்.

"உங்க சமூகத்துல இதெல்லாம் சகஜம்தான்மா. நான் படிச்சிருக்கேன்."

"என் வீட்டு விஷயத்தை எந்தப் புத்தகத்துலப்பா போட்டிருக்கான்?"

வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. பேராசிரியை ஒரு நொடி அம்மா வேஷத்தைக் கலைத்து, "ஆளைப் படிங்க, புத்தகத்தை இல்லை!" என்று பாடம் சொல்லிவிட்டு மறுபடி உம்மென்று ஆனார்.

"கடைசி வரிசை, நீ வாம்மா."

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "நான் வேண்டாமே, மேடம்."

"ஏன், கடிச்சா தின்னுடுவேன்? வா."

வந்தாள். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பையன் எப்படிம்மா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பார்த்ததில்லையா?"

"பார்க்க மாட்டேன்."

"போட்டோ?"

"நீட்டினாங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"பேராவது?"

"பேரு எதுக்கு? அந்தக் கூட்டம்னாலே போதாதா? சுத்தம் கிடையாது. பேசினா நாலு வீட்டுக்குக் கேட்கும். நுழைஞ்ச வீட்டை ரெண்டாக்காம ஓய மாட்டாங்க. ஒண்ணும் தெரியாத என் பையனை மயக்கி..."

"மேடம், மகள்!" என்று முன்வரிசையிலிருந்து கண்ணாடி திருத்தினான்.

"மகள்தான். மகள்னுதான் சொன்னேன்."

பேராசிரியைக்கு மகள் கிடையாது. ஒரே மகன். அன்று காலையும் அவன் போட்டு வைத்த காபியைத் தொடாமல்தான், சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசக் கிளம்பி வந்திருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"பார்த்தா பிடிச்சுப் போயிடுமோன்னு பயமா இருக்காம்மா?"

பேராசிரியை வாயைத் திறந்தார். சுடச்சுட ஒரு பதில் வரும் என்று வகுப்பு காத்திருந்தது.

"பயம்தான்," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "அவங்க ரெண்டு பேரும் அந்த பாஷையில பேசிச் சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கணும். அவர் போனதுக்கப்புறம் நான் பேசறதுக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

இந்த முறை யாரும் திருத்தவில்லை.

"உங்களுக்குப் புரியாம அந்த வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா," என்றாள் பெண். "நான் சொன்னா நம்ப வேண்டாம். ஒரு தடவை வரச் சொல்லுங்க. முகத்தைப் பார்த்துப் பேசுங்க. பிடிக்கலைன்னா அந்த முகத்துக்கு நேராவே சொல்லிடுங்க."

பேராசிரியை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. பார்த்துடறேன்," என்றார்.

அறை அதிரக் கைதட்டல். பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய மிடுக்கோடு எழுந்து நின்றார்.

"பார்த்தீங்களா? ஒரு பிடிவாதக்காரியை எப்படிக் கரைச்சா! நூத்துக்கு நூறும்மா உனக்கு."

"மார்க் எல்லாம் வேண்டாம், மேடம். ஞாயித்துக்கிழமை வரச் சொன்னீங்களே, அது போதும்."

"அடடா, அது நடிப்பும்மா!" பேராசிரியை சிரித்தார்.

பெண் அவர் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "எங்க வீட்டுல மாமியாரை அம்மான்னுதான் கூப்பிடுவோம். உங்க வழக்கம் வேறன்னு உங்க பையன் சொன்னார். அந்த வேற்றுமையை மதிச்சு, ஞாயித்துக்கிழமை வந்துடறேன், அத்தை."